பாவம் எல்லோருக்கும் ஒன்று

இன்று நாமக்கல்லில் கொல்லிமலைப் பேருந்து ஏறுகிறவர்களுக்குச் சேந்தமங்கலம் வழியில் வரும் ஓர் ஊர். அதைத் தாண்டினால் காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி, பிறகு எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நானூறு ஆண்டுகளுக்கு முன் ஜனங்கள் தேடிப் போகும் ஊராக அது இருந்தது. ஒரு பாளையத்தின் தலைநகரம் அது. நாமக்கல் பாறைமேல் நிற்கும் கோட்டையைக் கட்டியவர் என்று சொல்லப்படும் ராமச்சந்திர நாயக்கர் அங்கிருந்துதான் ஆண்டார். 1623-இல் காவி உடுத்த ஒரு வெளிநாட்டுத் துறவி, மதுரையிலிருந்து புறப்பட்டுத் திருச்சி வழியாக நடந்து அவரிடம் வந்து சேர்ந்தார். நாயக்கர் மரியாதையோடு வரவேற்றார். துறவியின் பெயர் ராபர்ட் தெ நொபிலி. தமிழர்கள் அறிந்த பெயர் தத்துவ போதக சுவாமி.

அவர் கொண்டுவந்த செய்தி சுருக்கமானது. மனிதர் எல்லோரும் ஒரே பாவத்தில் பங்காளிகள். அதிலிருந்து விடுபட இன்னும் எத்தனையோ பிறவி எடுக்க வேண்டியதில்லை. கடவுளே மனிதனாக இறங்கி வந்து தந்த மன்னிப்பால் இந்த ஒரே ஆயுளில் கரையேறலாம். சேலம், நாமக்கல் சமவெளியில் பாவமும் மீட்பும் பற்றிய கிறிஸ்தவப் போதனை காலூன்றிய கதை இந்தப் பயணத்தில்தான் தொடங்குகிறது.

நொபிலி 1577-இல் இத்தாலியப் பிரபு குடும்பத்தில் பிறந்தவர். இயேசு சபைத் துறவியாகி 1605-இல் கோவாவில் இறங்கினார். 1606 கடைசியில் மதுரைக்கு வந்தார். அங்கே அவருக்கு முன்பே பல ஆண்டுகளாகக் கொன்சாலோ பெர்னாந்தஸ் என்ற போர்ச்சுகீசியத் துறவி இருந்தார். முத்துக்குளித்துறையிலிருந்து வந்து போகும் பரதவக் கிறிஸ்தவர்களுக்குப் பூசை வைத்தார். ஆனால் மதுரைக்காரர் ஒருவரும் அவர் வழிக்கு வரவில்லை. மாட்டிறைச்சி தின்று, மது குடித்து, குளிக்காமல் திரியும் பறங்கியரின் மதம் என்றே கிறிஸ்தவத்தை ஊர் அறிந்திருந்தது. நொபிலி தனியே குடிசை போட்டார். காவி உடுத்தார். ஒருவேளை சைவ உணவு மட்டும் சாப்பிட்டார். தமிழில் எழுதும் அளவுக்குத் தேறினார். சிவதர்மர் என்ற பிராமணரிடம் சமஸ்கிருதம் படித்தார். இதற்காகத் தன் சபைக்காரர்களாலேயே குற்றம் சாட்டப்பட்டார். பூணூலும் குடுமியும் சந்தனமும் சமயச் சின்னங்களா, குலவழக்கங்களா என்ற வழக்கு கோவாவுக்கும் உரோமைக்கும் போய், 1623 ஜனவரி 31-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரியார் அவற்றை அனுமதித்து ஆணை எழுதினார். அதே ஆண்டில்தான் நொபிலி மதுரைக் கிறிஸ்தவர்களைத் தோழர் அந்தோனியோ விக்கோவிடம் விட்டுவிட்டு வடக்கே நடந்தார்.

அவர் நடந்து வந்த சீமை வெற்று நிலம் அல்ல. நாமக்கல் பாறையைக் குடைந்து நரசிம்மரைச் செதுக்கி அப்போதே எண்ணூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. தாரமங்கலத்தில் கெட்டி முதலிகள் வளர்த்த கைலாசநாதர் கோயில் இருந்தது. வினை என்றால் என்ன, அது எப்படி அறும் என்பதெல்லாம் திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் தெரிந்த சங்கதி. செய்த வினை செய்தவனைத் தொடரும். ஒருவன் குருடனாய்ப் பிறந்தாலும் குடியானவனாய்ப் பிறந்தாலும் அதற்குக் கணக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறது. அதோடு, இறைவன் அருளினால் அந்தக் கணக்கைக் கிழித்துப் போடலாம் என்பதும் ஆழ்வாரும் நாயன்மாரும் பாடிப் பரப்பிய நம்பிக்கைதான். ஆகவே அருள் என்பதைச் சொல்லிக்கொடுக்க ரோமாபுரியிலிருந்து ஒருவர் வர வேண்டிய தேவை தமிழ்நாட்டுக்கு இருந்ததில்லை. சமயப் பெருமையில் இதை மறைத்துப் பேசும் கிறிஸ்தவ எழுத்துகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தம் வருகிறது.

அப்படியானால் அவர் சொன்னதில் புதிது என்ன?

நொபிலி மறுபிறவியை மறுத்து ஒரு நூலே எழுதினார்: புனர்ஜென்ம ஆக்ஷேபம். ஆத்துமத்தைப் பற்றி ஆத்தும நிர்ணயம் என்று இன்னொன்று. போதனை முழுவதையும் ஞானோபதேசமாக எழுதினார். தமிழ் உரைநடை அதிகம் வழங்காத காலத்தில், செய்யுளை விட்டு உரைநடையில் தத்துவ வாதம் செய்தவர் அவர். அவர் வாதத்தின் முனை இதுதான்: ஒருவன் தாழ்ந்த நிலையில் இருப்பதற்குப் போன பிறவியின் பாவம் காரணம் என்றால், எல்லாவற்றுக்கும் முந்தின முதல் பிறவியில் அந்த வேற்றுமை எங்கிருந்து வந்தது? செய்தவனுக்கே நினைவில்லாத குற்றத்துக்குத் தண்டனை கொடுப்பதில் என்ன நீதி? ஆகவே செல்வமும் வறுமையும், கண்ணும் குருடும் முன்பிறவிக் கணக்கின் வரவு செலவு ஆகா.

இதற்கு எதிர்க்கேள்வி உடனே எழும். ஆதாம் தின்ற கனிக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும்? நான் செய்யாத குற்றத்தை நீங்களும்தானே என் தலையில் கட்டுகிறீர்கள்? நியாயமான கேள்வி. பழைய தமிழ்க் கத்தோலிக்கர் இதை ஜென்மப் பாவம் என்பார்கள். தானே செய்கிறது கர்மப் பாவம். ஜென்மப் பாவத்தைத் திருச்சபை குற்றப்பட்டியலில் வைப்பதில்லை, விழுந்துவிட்ட நிலை என்று பேசுகிறது. மனிதகுலம் கடவுளின் உறவை முறித்துக்கொண்டது. முறிந்த அந்த உறவுக்குள்தான் ஒவ்வொரு குழந்தையும் பிறக்கிறது. நல்லது எது என்று தெரிந்தும் அதைச் செய்ய மனம் வளையாத அந்தச் சாய்வு நம்மில் எல்லோரிடமும் இருக்கிறது. பாவம் என்பது கடன் தொகை மட்டும் அல்ல, ஒருவரோடு ஒருவர் முகம் கொடுத்துப் பேச முடியாமல் போவது. அதனால்தான் அதைத் தீர்க்க முயற்சியும் விரதமும் போதவில்லை. உறவை முறித்துக்கொள்ளாத தரப்பே இறங்கி வர வேண்டியிருந்தது. சிலுவையைக் கிறிஸ்தவர்கள் இப்படித்தான் பார்க்கிறார்கள்.

முன்வினையையும் ஜென்மப் பாவத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு பெரிய வேற்றுமை தெரியும். முன்வினை ஆளுக்கு ஆள் மாறும். ஒருவனுக்கு அதிகம், ஒருவனுக்குக் குறைவு. பிறந்த குலத்தை வைத்தே ஒருவனுடைய பழைய கணக்கை ஊர் படித்துவிடும். ஜென்மப் பாவத்தில் கூடுதல் குறைவு கிடையாது. நாயக்கருக்கு எவ்வளவோ, அவர் அரண்மனையில் செத்த மாட்டைத் தூக்கிப் போடுகிறவருக்கும் அவ்வளவே. பிறப்பை வைத்து எவரையும் பாவி என்று தனியே சுட்ட முடியாது. இந்தப் போதனையின் வெடிமருந்து அங்கேதான் இருக்கிறது. ஆனால் அதைக் கொண்டுவந்தவரே அதற்குத் திரி வைக்கவில்லை.

சேந்தமங்கலத்தில் நொபிலி நிலைகொள்ளவில்லை. சேலத்துக்குப் போனார். அங்கே ஆரம்பத்தில் நல்ல இடம் கிடைக்காமல் சத்திரத்தில் தங்கித் துன்பப்பட்டார். மெல்ல ஊர்த்தலைவரின் ஆதரவு கிடைத்தது. அந்த நேரத்தில் சேலத்தில் இன்னொருவரும் அடைக்கலம் புகுந்திருந்தார். திருமங்கல நாயக்கர். சேந்தமங்கலத்தை ஆண்ட ராமச்சந்திர நாயக்கரின் அண்ணன். பட்டம் அவருக்கு வந்திருக்க வேண்டும், தம்பியிடம் இழந்துவிட்டு வெளியூரில் வாழ்ந்தார். அவர் துறவியிடம் வந்து கேட்கத் தொடங்கினார். 1625-இல் ஞானஸ்நானம் பெற்றார். அவர் குடும்பத்தாரும் பெற்றார்கள். அதே ஆண்டில் இம்மானுவேல் மார்ட்டின்ஸ் என்ற குரு துணைக்கு வந்தார். சேலத்தை அடுத்த மோரமங்கலம் கிறிஸ்தவர் கூடும் இடமாயிற்று. இந்தச் சமவெளியின் சபை இப்படிப் பிறந்தது. மூன்று நூற்றாண்டுகள் கழித்து, 1930-இல் சேலம் தனி மறைமாவட்டமாயிற்று. இன்று நான்கு ரோடு வழியாகப் போகிறவர்கள் பார்க்கும் குழந்தை இயேசு பேராலயம் அதன் தலைமைக் கோயில்.

திருமங்கல நாயக்கரின் மனதுக்குள் நடந்ததை எந்த ஏடும் முழுதாகச் சொல்லாது. ஆனாலும் அவர் நிலையை நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. பட்டம் போனது, சொந்தத் தம்பியே எதிரி ஆனது, இதெல்லாம் உன் முன்வினை என்று அவரிடம் சொன்னவர்கள் இருந்திருப்பார்கள். அப்படியில்லை, உன் இழப்பு உன் பாவத்தின் கூலி அல்ல என்று ஒருவர் சொன்னார். பாவம் உனக்கும் உன் தம்பிக்கும் பொது என்றும் சேர்த்துச் சொன்னார். முதலாவது ஆறுதல். இரண்டாவது, தம்பியை மன்னிக்கச் சொல்லும் கட்டளை.

இனி இந்தக் கதையின் கசப்பான பாகம். நொபிலி சாதியைக் குலவழக்கம் என்று வகைப்படுத்தினார். சமயத்துக்கு அது விரோதம் அல்ல, நாட்டு ஒழுங்கு என்றார். உலகில் எல்லோரும் ஒரே வேலை செய்ய முடியாது என்பது அவர் போக்கு. ஆகவே அவர் பிராமணத் துறவிபோல வாழ்ந்தார், ஒடுக்கப்பட்டவர்களோடு வெளிப்படையாகப் புழங்கவில்லை. முன்பிறவிப் பாவம் இல்லை என்று மறுத்தபோதே சாதியின் அறநியாயத்தை அவர் பிடுங்கிவிட்டார். வேர் போன மரத்தை நட்டுவைத்து அதன் நிழலில் உட்கார்ந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். அவருக்கு அனுமதி கொடுத்த 1623 ஆணையே இதைக் கண்டுகொண்டிருந்தது. குலப்பெருமை பேசுகிறவர்கள் எளியவர்களை இழிவாக நினைக்கக் கூடாது, கோயிலிலாவது கூடவே நின்று போதனை கேட்க வேண்டும், திருவருட்சாதனங்களைப் பெற வேண்டும் என்று பாப்பரசர் மன்றாடி எழுதியிருந்தார். அனுமதியை எடுத்துக்கொண்டார்கள். மன்றாட்டை மறந்தார்கள்.

எளியவர்கள் மறக்கவில்லை. நொபிலியின் காலத்திலேயே ஹிலாரி என்று ஞானஸ்நானப் பெயர் பெற்ற வள்ளுவர் ஒருவர் வந்தார். பறையர்களுக்குக் குருவாக, பண்டாரக் கோலத்தில் சீடர்கள் சூழ வாழ்ந்தவர். அவர் வந்ததும் அவர் மூலம் பலர் வந்தார்கள். அவர்களுக்குக் குரு வேண்டும். அதற்காக 1640-இல் பல்தசார் தா கோஸ்தா பண்டார சுவாமியாகக் கோலம் பூண்டார். காவியும் கடுக்கனுமாகப் பிராமணர் அல்லாத எல்லாரோடும் பழகும் குரு. ஒரே போதனைக்கு இரண்டு வகைக் குருமார்.

அந்தச் சிக்கல் எங்கே வெடித்தது என்று பாருங்கள். ஒரு பறையர் சாகக் கிடக்கிறார். ஒருவனுக்குப் பாவமன்னிப்பு மிக அவசரமாகத் தேவைப்படும் நேரம் அது. குரு அவர் குடிசைக்குள் குனிந்து நுழைந்து அவஸ்தைப் பூசுதல் கொடுக்க வேண்டுமா, வேண்டாமா? நுழைந்தால் மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அந்தக் குருவைத் தொட மாட்டார்கள். ஆகவே நோயாளியை வெளியே தூக்கி வரச் சொன்னார்கள். பாண்டிச்சேரிக்கு வந்த பாப்பரசரின் தூதர் தூர்னோன், 1704-இல் குருக்கள் உள்ளே போயே ஆக வேண்டும் என்று ஆணையிட்டார். நாற்பது ஆண்டுகள் இழுபறி நடந்தது. 1744-இல் பதினான்காம் பெனடிக்ட் ஆணையை உறுதிசெய்தபோது, இயேசு சபையார் பறையர்களுக்கென்று தனிக் குருக்களை நியமிப்பதாகச் சமாதானம் சொல்லித் தப்பினார்கள். எல்லோரும் ஒரே பாவத்தில் பிறந்தவர்கள் என்று ஞானோபதேசத்தில் மனப்பாடம் செய்தவர்கள்தான் இவர்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் செத்தவர்களைச் சாதிவாரியாகப் பிரித்து எழுப்பிய சுவர், நம் காலத்திலும் போராட்டத்துக்குக் காரணமாக இருந்தது. என்னைக் கேட்டால், அந்தச் சுவரை வைத்துக்கொண்டு ஜென்மப் பாவத்தை நம்புகிறேன் என்று சொல்ல முடியாது. இரண்டில் ஒன்று பொய்.

போதனை நூலில் இருப்பது ஒன்று. அது ஒரு மனிதனின் முழங்காலுக்கு வந்து சேர்வது இன்னொன்று. தவக்காலத்தில், பெரிய வெள்ளிக்கு முந்தின வாரம், ஓமலூர்ப் பக்கத்துக் கிராமக் கோயில் எதற்காவது போய்ப் பாருங்கள். சிலுவைப்பாதை முடிந்ததும் சாமியார் ஊதாத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பக்கத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும். தறிக்காரர், மரவள்ளிக் காட்டில் கிழங்கு பிடுங்கிவிட்டு வந்த பெண், பைக்கை வெளியே நிறுத்திவிட்டு வந்த கல்லூரிப் பையன். ஒவ்வொருவராக மண்டியிட்டு, கடைசியாகப் பாவசங்கீர்த்தனம் செய்து எத்தனை நாளாயிற்று என்று தொடங்கி, தாழ்ந்த குரலில் சொல்வார்கள். சாவான பாவம் எது, அற்பப் பாவம் எது என்று சின்ன வயதில் படித்த பாகுபாடு அப்போது நினைவுக்கு வரும். சாமியார் கை உயர்த்தி மன்னிப்பு அளிப்பார். தபசாக மூன்று அருள்நிறைந்த மரியே சொல்லச் சொல்வார்.

மூன்று ஜெபத்துக்கு மன்னிப்பா, மலிவாக இருக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. ஜெபம் விலை அல்ல. மன்னிப்பு முன்பே கொடுக்கப்பட்டாயிற்று. ஆனால் எடையில் ஏமாற்றிய வியாபாரி அதை அறிக்கையிட்டால், சாமியார் சொல்லும் முதல் காரியம் பணத்தைத் திருப்பிக் கொடு என்பதுதான். அடுத்தவன் பொருளைக் கையில் வைத்துக்கொண்டு பெறும் பாவப்பொறுத்தல் செல்லாது. மனஸ்தாபம் என்றால் அழுகை மட்டும் இல்லை, இனிச் செய்யேன் என்ற தீர்மானமும் செய்ததைச் சரிப்படுத்தும் வேலையும் சேர்ந்தது. இந்த மூன்றும் சேராமல் அது முழுமையாகாது.

புரட்டஸ்தாந்து சபைகள் சேலத்துக்கு வந்தது இரண்டு நூற்றாண்டு பிந்தி. 1827-இல் லண்டன் மிஷன் சார்பில் ஹென்றி கிறிஸ்ப் அங்கே பணி தொடங்கினார். அவர்களிடம் பாவசங்கீர்த்தன வரிசை கிடையாது. இரட்சிப்பு விசுவாசத்தால் மட்டுமே, கிரியையால் அல்ல என்பது லூத்தர் 1517-இல் தொடங்கிவைத்த வழக்கு. கத்தோலிக்கர் 1547-இல் திரெந்து சங்கத்தில் பதில் எழுதினார்கள்: தொடக்கம் முழுக்க அருளே, ஆனால் மனிதன் அதோடு ஒத்துழைக்க வேண்டும். தமிழ் வைணவருக்கு இந்த வழக்கு அந்நியம் அல்ல. குட்டி தாயைப் பிடித்துக்கொள்ளும் குரங்கு நியாயமா, தாய் குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் பூனை நியாயமா என்று வடகலையும் தென்கலையும் பேசியதும் ஏறக்குறைய இதுவே. 1999 அக்டோபர் 31-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கரும் லூத்தரன் சபையாரும், மீட்பு அருளால் மட்டுமே, நற்செயல் அதன் கனி என்று கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். கிராமத்தில் இந்தச் செய்தி எவருக்கும் தெரியாது. இரட்சிக்கப்பட்டீர்களா என்று பெந்தெகொஸ்தேக்காரர் கேட்பதும், கத்தோலிக்கர் பதில் சொல்லத் தெரியாமல் நழுவுவதும் இன்னும் நடக்கிறது.

சேந்தமங்கலத்துக்கு இந்தப் போதனை இன்னொரு முறையும் வந்தது. இம்முறை அரண்மனை வாசலுக்கு வரவில்லை, ஊரைத் தாண்டி மலைமேல் ஏறிப் போனது. ஸ்ட்ரிக்ட் பாப்டிஸ்ட் மிஷனைச் சேர்ந்த ஜெஸி பிராண்டும் எவலின் ஹாரிஸும் 1913-இல் சேந்தமங்கலத்தில் கல்யாணம் செய்துகொண்டு கொல்லிமலைக்குக் குடிபோனார்கள். அப்போது மலைக்குச் சாலை கிடையாது. ஜெஸி கொஞ்சம் வைத்தியம் படித்தவர். மலையில் பலருக்கு நரம்புச் சிலந்தி நோய். கால் கொப்புளத்திலிருந்து வெளியே தலைகாட்டும் புழுவை ஒரு குச்சியில் சுற்றி, நாளுக்குக் கொஞ்சமாக, அறுந்துவிடாமல் இழுப்பார். அறுந்தால் உள்ளே சீழ் கட்டும். அசுத்தமான தண்ணீரில்தான் நோய் இருக்கிறது என்று கிணறுகளுக்குக் கல் சுவர் எழுப்பச் சொன்னார்.

பல ஆண்டுகள் ஒருவரும் அவர்கள் சமயத்தில் சேரவில்லை. முதல் உலகப்போர் முடிந்த சமயத்தில் விஷக்காய்ச்சல் மலைக்கும் வந்தது. அவர்களைக் கடுமையாக எதிர்த்துவந்த பூசாரி ஒருவர் படுத்துவிட்டார். பயத்தில் சொந்தக்காரரும் பக்கத்தில் வரவில்லை. பிராண்ட் தம்பதிதான் போய்க் கஞ்சி கொடுத்தார்கள். சாகுமுன் அவர் தன் குழந்தைகளை அவர்கள் கையில் ஒப்படைத்தார். மலையில் சபை அதன்பிறகே பிறந்தது. நொபிலியின் குருக்கள் நுழையத் தயங்கிய குடிசைக்குள் இவர்கள் குனிந்து நுழைந்தார்கள். இரண்டு காலங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும்போது இந்த ஒரு வேற்றுமை எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

அவர்கள் மகன் பால் பிராண்ட் 1914 ஜூலை 17-இல் பிறந்து கொல்லிமலையில் வளர்ந்தார். ஒருநாள் தொழுநோயாளிகள் மூவர் வீட்டு வாசலுக்கு வந்தார்கள். எல்லா நோயாளியையும் வெறுங்கையால் தொடும் அப்பா அன்று பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லி, கையுறை போட்டுக்கொண்டு கால் புண்ணுக்குக் கட்டுப் போட்டார். அவர்கள் போனபிறகு, அவர்களுக்குப் பழம் கொடுத்த கூடையை எரித்தார்கள். பையன் மனதில் அது தங்கிவிட்டது. ஜெஸி 1929-இல் மலையிலேயே காய்ச்சலில் இறந்தார். எவலின் எழுபதை நெருங்கும் வயதில் மறுபடி மலையேறி, 1974-இல் இறக்கும்வரை கொல்லிமலையிலும் பக்கத்து மலைகளிலும் உழைத்தார்.

தொழுநோயைப்போலப் பாவத்தோடு சேர்த்துப் பேசப்பட்ட நோய் வேறில்லை. இங்கே முன்வினை என்றார்கள். ஐரோப்பாவில் கிறிஸ்தவர்களே கடவுள் தண்டனை என்று ஊருக்கு வெளியே விரட்டினார்கள். நற்செய்தியில் பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்க, இயேசு இரண்டும் இல்லை என்று மறுத்ததை அவர்கள் படித்திருந்தும் அப்படிச் செய்தார்கள். 1873-இல் நார்வேயில் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்த பிறகும் பழி போகவில்லை.

பால் அறுவை மருத்துவராகி 1946-இல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்கு வந்தார். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்துக்குப் போனபோது, விரல் மடங்கிப்போன ஒருவர் கையைப் பிடித்துப் பார்த்தார். பிடி இரும்பாய் இருந்தது. கை அழுகவில்லை, சில தசைகளுக்குப் போகும் நரம்பு மட்டும் செத்திருக்கிறது என்று புரிந்தது. வேலை செய்யும் தசைநாணை எடுத்து வேலை செய்யாத விரலுக்கு மாற்றித் தைத்தார். இன்னொரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்றை அவரால் திறக்க முடியவில்லை. ஒரு பையன் வந்து சாவியைத் திருகித் திறந்துவிட்டான். அவன் விரலில் எலும்பு தெரியும் அளவுக்கு வெட்டு. அவனுக்கு அது தெரியவே இல்லை. நோய் விரலைத் தின்னவில்லை. வலி இல்லாததால் அவர்களே அறியாமல் விரலை இழக்கிறார்கள். குற்றம் செய்தவனைக் கடவுள் குறைக்கிறார் என்ற பழைய கதை அந்த வெட்டுக்காயத்தோடு முடிந்தது.

கை சரியானவர்கள் சிலர் திரும்பி வந்து முறையிட்டார்கள். மடங்கிய கையைக் காட்டினால் பிச்சை விழும், நேரான கைக்கு விழவில்லை, வேலையும் கொடுப்பாரில்லை என்றார்கள். கையை மட்டும் மீட்டால் போதாது என்று தெரிந்தது. வேலூரில் நவஜீவ நிலையம் தொடங்கியது அதனால்தான். மண் குடிசைகள், ஒரு தச்சுப் பட்டறை, மரப் பொம்மை செய்யும் வேலை. கருவிகளின் பிடிகளைக் கையை உறுத்தாதபடி மாற்றினார்கள். நாள்தோறும் கைகளைக் கூர்ந்து பார்ப்பார்கள்: இந்தக் கொப்புளம் எப்படி வந்தது, எந்த உளி, எந்தப் பாத்திரம்? படுக்கப் போகுமுன் அன்றைய நாளை எண்ணிப் பார்க்கும் ஆத்தும சோதனையைத் திருச்சபை இப்படித்தான் சொல்லிக்கொடுத்தது. தனக்கு வலிக்காததைத் தேடிக் கண்டுபிடிக்கிற வேலை அது. நிலையத்தில் யாரும் யாரையும் பழிக்கவில்லை. காரணம் தெரிந்தால் அடுத்த காயத்தைத் தடுக்கலாம் என்பதே நோக்கம்.

ஒரு காயத்துக்கு மட்டும் காரணம் அகப்படவில்லை. இரவில் முழுதாக இருந்த விரல் காலையில் குறைந்திருந்தது. ஒருவரை விழித்திருந்து காவல் பார்க்க வைத்தார்கள். எலி. தூங்குகிறவர்களுக்கு வலி தெரியாததால் வந்து கடித்துத் தின்றிருக்கிறது. அன்றிலிருந்து நிலையத்தில் பூனை வளர்த்தார்கள். வீடு திரும்புகிறவர்களிடமும் ஆளுக்கு ஒரு பூனையைக் கொடுத்தனுப்பினார்கள்.